பார்ட்ஸ் கழற்றிய பழைய காரை ரோட்டில் கொண்டுபோவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இன்ஜின் இறக்கி, சீட் கழற்றி, டயரும் பாட்டரியும் போன கார் ஒன்று உங்கள் வீட்டு முற்றத்திலோ ஒர்க்ஷாப் ஓரத்திலோ நிற்கிறது. அதை ஆக்கர் கடைக்கோ (பழைய இரும்புக் கடை) அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்கோ கொண்டுபோக வேண்டும். "ஒரு ஜீப்பில கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிரலாம் அண்ணே" என்று யாராவது சொல்வார்கள். அந்த யோசனையில்தான் முக்கால்வாசிச் சிக்கலும் தொடங்குகிறது.

பார்ட்ஸ் கழற்றிய கார் இழுத்துப் போகிற வண்டி அல்ல, ஏற்றிப் போகிற சரக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் போனால் செலவும் குறையும், வழியில் நிறுத்தினால் பதிலும் இருக்கும். வரிசையை மாற்றாதீர்கள். பேப்பர் முதலில், ஸ்பேனர் அடுத்து, லாரி கடைசியில்.

1. போல்ட்டைத் தொடும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் நாலு விஷயம் தெரியும்: ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது, எதுவரை செல்லும், வங்கிக் கடன் பதிவு நிற்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது. நிலுவைச் சலான்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். பின்னால் பதிவை ரத்து செய்யும் ஆபீஸ் எது என்பது இதைப் பொறுத்தது.

வங்கிக் கடன் பதிவு நம் ஊரில் பலருக்கும் மறந்துபோன விஷயம். தவணை கட்டி முடித்துப் பத்து வருடம் ஆகியிருக்கும், ஆனால் படிவம் 35 கொடுத்துப் பதிவை நீக்கியிருக்க மாட்டார்கள். வண்டி துண்டான பிறகு வங்கியில் தடையின்மைச் சான்று கேட்டு அலைவதை விட, வண்டி முழுதாக நிற்கும்போதே வாங்கிவிடுவது எளிது.

அடுத்தது உரிமையாளர். இந்த மாவட்டத்தில் ஆர்.சி. ஒருவர் பேரிலும் சாவி இன்னொருவர் கையிலும் இருப்பது வழக்கம். மகன் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பான், காரை அப்பா பார்த்துக்கொள்வார். அப்படியானால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் வரவழைத்துவிடுங்கள். பெயர்க்காரர் இறந்துபோயிருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. அதனால்தான் இதை முதல் படியாக வைத்தேன்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் வெறும் கையெழுத்துப் போட்டு ஆக்கர் கடை அண்ணாச்சி கையில் கொடுத்துவிடுவது. வண்டி யார் பேரில் பதிவாகி இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்கள் நம்பர் பிளேட் வேறொரு காரில் ஏறி ஓடினால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

2. வண்டி போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்யுங்கள்

போகும் இடத்தைப் பொறுத்து சட்டம் மாறுகிறது. மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, ஒர்க்ஷாப். வண்டி மறுபடி ஓடப் போகிறது, வேலை பாதியில் நிற்கிறது, இன்னொரு டிங்கரிடம் போகிறது என்றால் அது பழுதான வண்டிதான். கட்டி இழுக்க ஓரளவுக்கு இடம் உண்டு.

இரண்டு, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையம். 2021 செப்டம்பரில் வந்த மத்திய விதிகளின்படி நடப்பவை இவை. உங்கள் வண்டி எந்த மாநிலப் பதிவாக இருந்தாலும் நாட்டில் எந்த மையத்திலும் ஒப்படைக்கலாம். ஒப்படைத்ததும் வைப்புச் சான்று தருவார்கள், அழித்த பிறகு அழிப்புச் சான்று தருவார்கள். வைப்புச் சான்று கையில் இருந்தால் புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் மத்திய விதியில் இடம் இருக்கிறது. மையங்களின் பட்டியல் பரிவாகனின் வி-ஸ்கிராப் தளத்தில் கிடைக்கும்.

மூன்று, பழைய ஆக்கர் கடை. இங்கே எடை போட்டுக் காசு கையில் கிடைக்கும், சான்று எதுவும் கிடைக்காது. தனித்தனியாகக் கழன்ற இரும்பை வாங்குவது அவர்கள் தொழில். பதிவு உயிரோடு இருக்கும் முழு காரை உடைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ஆயுள் முடிந்த வாகன விதிகள், வண்டி ஆயுள் முடிந்ததாக ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் உரிமையாளர் அதை உரிய மையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்காத காரும் இதற்குள் வரும்.

என் கருத்தைக் கேட்டால், கழற்றிய பார்ட்ஸை ஆக்கர் கடைக்கும் சேஸிஸ் நம்பர் (வண்டியின் அடையாள எண்) உள்ள பாடியை அழிப்பு மையத்துக்கும் கொடுப்பது நல்லது. லாரி வாடகை கூடத்தான் ஆகும். அந்த வாடகைக்குப் பதிலாகக் கிடைப்பது உங்கள் பேர் அந்த வண்டியிலிருந்து கழன்றதற்கான அத்தாட்சி.

3. எதைக் கழற்றலாம், எதை விட வேண்டும்

கழற்றும் முன்பே மையத்துக்கு ஃபோன் போட்டு என்னென்ன இருக்கும், என்னென்ன இருக்காது என்று சொல்லிவிடுங்கள். இல்லாததைக் கணக்கில் கழிப்பார்கள். லாரி அங்கே போய் நின்ற பிறகு பேரம் பேசினால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும்.

சேஸிஸ் நம்பர் அடித்த தகட்டைத் தொடவே கூடாது. பெரும்பாலான மாருதி கார்களில் அது இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். இன்ஜினைத் தனியாக விற்பதாக இருந்தால் அதன் நம்பரையும் படம் எடுத்து, வாங்கியவரிடம் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எங்கே என்று கேள்வி வந்தால் அந்த ரசீதுதான் பதில்.

நம்பர் பிளேட்டுகளும் வண்டியிலேயே இருக்கட்டும். பிளேட் இல்லாத பாடி லாரியில் போவதைப் பார்க்கும் எந்தப் போலீஸ்காரருக்கும் முதலில் திருட்டு வண்டி என்றுதான் தோன்றும்.

நாலு சக்கரமும் ஸ்டியரிங்கும் கடைசிவரை வேண்டும். நல்ல டயரை விற்றுவிட்டால் தேய்ந்த பழைய டயரையாவது மாட்டி வையுங்கள். சக்கரம் உருண்டால் இரண்டு பேர் தள்ளி ஏற்றிவிடலாம். உருளாவிட்டால் கிரேன் வேண்டும், அதற்குத் தனிக் காசு.

முன்சக்கர இழுவைக் கார்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ எல்லாம் இந்த வகை. இன்ஜினையும் கியர்பாக்சையும் இறக்கும்போது ஆக்சிலையும் உருவிவிடுவார்கள். முன்சக்கரத்தின் ஹப் பேரிங் அந்த ஆக்சில் முனையும் நடு நட்டும் சேர்ந்து இறுக்கிப் பிடிப்பதால்தான் நிற்கிறது. ஆக்சில் இல்லாமல் வண்டியை உருட்டினால் பேரிங் விரிந்து சக்கரம் சாய்ந்துவிடும். பழகிய மெக்கானிக்குகள் ஆக்சிலின் வெளிமுனைத் துண்டை மட்டும் பிரித்து உள்ளே விட்டு, நட்டை முறுக்கி வைப்பார்கள். இதை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தத் துண்டும் இரும்பு விலைக்குப் போய்விடும்.

பெட்ரோலை வடித்து, பாட்டரியை எடுத்து, ஆயிலை வடித்துக் கேனில் அடையுங்கள். எரிவாயு கிட் இருந்தால் சிலிண்டரை அந்த வேலை தெரிந்தவரை வைத்துக் கழற்றுங்கள். வீட்டு முற்றத்தில் கேஸ் கட்டர் வைத்து பாடியைத் துண்டு போடும் எண்ணம் வேண்டாம். காலி டாங்கியில்தான் ஆவி நிறைந்திருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். துண்டு போட்ட வண்டிக்கு வைப்புச் சான்றும் கிடைக்காது.

ஃபாஸ்டாக் ஒட்டியிருந்தால் கணக்கை மூடி, ஸ்டிக்கரைச் சுரண்டி எடுங்கள். லாரி மேல் நிற்கும் காரின் ஸ்டிக்கரை திருப்பதிசாரம் டோல்கேட் கருவி படித்தால் பணம் உங்கள் கணக்கில் போய்விடும்.

4. கயிறு கட்டி இழுக்கலாமா? சட்டம் சொல்வது

இதற்கான விதி 1989-ன் சாலை விதிகளில் எழுதப்பட்டது. 2017-ல் அந்த விதிகளின் இடத்தில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. 1989-ல் எழுதிய கட்டுப்பாடுகள் இவை; இன்றைய அளவுகளை 2017 ஒழுங்குமுறையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரக் கோளாறால் நின்றுபோன வண்டியையோ முழுதாகப் பூட்டி முடிக்காத வண்டியையோதான் இழுக்கலாம். அதுவும் டெலிவரிக்காகவோ பக்கத்து ஒர்க்ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரைக்குமோதான். நாகர்கோவிலில் நின்ற வண்டியைக் கோட்டாறு ஒர்க்ஷாப்புக்கு இழுத்தால் கேள்வி இல்லை. களியக்காவிளை வரை இழுத்தால் 'பக்கத்து' என்ற பேச்சே நிற்காது.

இழுபடும் வண்டியின் டிரைவர் சீட்டில் அந்த வகை வண்டியை ஓட்ட உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பும் சக்கரங்கள் இரண்டும் கிரேன் போன்ற ஒன்றால் தரையிலிருந்து உறுதியாகத் தூக்கப்பட்டிருக்க வேண்டும். சீட்டே இல்லாத காரில் எண்ணெய்க் கேனைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பையனை உட்கார வைப்பது இந்த இடத்திலேயே தப்பாகிறது.

இரு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின்வண்டியின் பின்புறம் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில், 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஓட்டுதல் ஒழுங்குமுறையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். இது சின்னத் தொகைதான். கனமானவை பின்னால் நிற்கின்றன. பதிவு காலாவதியான வண்டி ரோட்டில் சக்கரம் உருட்டினால் 192-வது பிரிவு, முதல் தடவைக்கே 2,000 முதல் 5,000 வரை. இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் பயன்படுத்தினால் 196-வது பிரிவு, 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். "இன்ஜினே இல்லையே, இது எப்படி மோட்டார் வாகனம்?" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சட்டத்தின் 2(28) பிரிவு, பாடி ஏற்றாத வெறும் சேஸிஸையே மோட்டார் வாகனம் என்கிறது. அந்த வாதத்தை ரோட்டோரத்தில் நின்று ஜெயிக்க முடியாது.

அதே கார் லாரிக்கு மேல் ஏறிவிட்டால் அது ரோட்டைப் பயன்படுத்தவில்லை. பதிவு, இன்சூரன்ஸ் கேள்வி லாரிக்கு மட்டும்தான். ஏற்றிப் போகச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

5. சட்டத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள்

கயிற்றில் இழுபடும் வண்டி தானாக நிற்காது. அதில் இருப்பவர் மிதித்தால்தான் நிற்கும். இன்ஜின் இல்லாத காரில் பிரேக் பூஸ்டருக்கு (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) வெற்றிடம் கிடைக்காது. மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருந்தாலும் பெடல் கல்லாக இறுகிவிடும். இரண்டு காலையும் ஊன்றி மிதித்தாலும் பாதிப் பிடிதான். பவர் ஸ்டியரிங் வண்டியில் வளையமும் கனக்கும். சாவி தொலைந்த காரில் ஸ்டியரிங் லாக் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

இதோடு நம் ஊர் ரோட்டைச் சேர்த்துப் பாருங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஓரளவு சமதளம். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். இறக்கத்தில் கயிறு தொய்யும், பின்வண்டி முன்வண்டியில் போய் இடிக்கும். அடுத்த ஏற்றத்தில் தொய்ந்த கயிறு சட்டென்று இறுகி வெட்டும்.

வெட்டுகிற வேகத்தில் கொக்கியே பிடுங்கிக்கொண்டு வரலாம். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் நின்ற கார்களின் அடிப்பாகம் உப்புக் காற்றில் அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், கொக்கி பற்றவைத்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும். அப்படிப்பட்ட வண்டியைக் கயிற்றில் மட்டுமல்ல, முன்பக்கக் கொக்கியில் மாட்டி விஞ்சால் (கம்பி சுற்றி இழுக்கும் எந்திரம்) இழுத்து ஏற்றவும் கூடாது. முன் சஸ்பென்ஷன் கையைச் சுற்றிப் பெல்ட் போட்டு இழுக்க வேண்டும்.

பம்பரில் கயிறு கட்டுவது, டை ராடில் கொக்கி மாட்டுவது, நைலான் மீன்பிடிக் கயிற்றை இரண்டு மடித்துப் போதும் என்று நினைப்பது, இந்த மூன்றும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது. நைலான் கயிறு இழுபட்டு அறும்போது சாட்டை போலத் திரும்பி அடிக்கும்.

இன்னொன்று. உங்கள் சொந்த ஜீப்பால் ஒரு பழுதான வண்டியை இழுக்கும்போது உங்கள் வழக்கமான பேக்கேஜ் பாலிசியின் மூன்றாம் நபர் காப்பு தொடரும். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு இழுத்தால் தொடராது. இழுபடும் காருக்கு வரும் சேதத்துக்கு எப்படியும் காப்பு இல்லை. "டீசல் காசு மட்டும் தாரும் மக்கா" என்று தெரிந்தவருக்கு உதவப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

6. முன்சக்கரம் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வேன்

குறைந்த தூரத்துக்கு இது சரி. திரும்பும் சக்கரங்கள் தூக்கப்பட்டிருப்பதால் உள்ளே ஆள் வேண்டாம். உள்ளே யாரையும் உட்கார வைக்கவும் கூடாது.

இந்த முறையிலும் பின்சக்கரங்கள் ரோட்டில்தான் உருள்கின்றன. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் டிரம்மிலிருந்து புகை வரும். கிளம்பும் முன் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். அம்பாசடர், ஆம்னி போன்ற பின்சக்கர இழுவை வண்டியில் கியர்பாக்ஸ் இன்னும் இருந்தால் கார்டன் ஷாஃப்டை (கியர்பாக்சிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.

பின்விளக்கு வயர் கழன்றிருக்கும் என்பதால் காந்தம் ஒட்டும் விளக்குப் பட்டையை வேனிலிருந்து இழுத்து மாட்டச் சொல்ல வேண்டும். வேன்காரரிடம் அது இல்லை என்றால் இருட்டிய பிறகு கிளம்பாதீர்கள்.

7. ஏற்றிப் போகிற வண்டியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் டேப் எடுத்து அளவு பாருங்கள். மாருதி 800 நீளம் 3.33 மீட்டர், ஏறத்தாழ பதினோரு அடி. டாடா ஏசின் தட்டு ஏழடிச் சொச்சம். நாலடி வெளியே தொங்கும். "பின்கதவைத் திறந்து விட்டுக் கட்டிரலாம்" என்பார்கள். சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ அளவை மீறி நீட்டினால் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில். ஏசுக்கும் பெரிய வண்டிக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதினான்கு அடி ஐச்சர் மாதிரி ஒன்றில் சின்னக் கார்கள் கதவு மூடி நிற்கும். அம்பாசடர் 4.32 மீட்டர், பதினான்கு அடிக்கு இரண்டு அங்குலம் மேல். இரண்டு பம்பரையும் கழற்றி உள்ளே போட்டால் அடங்கிவிடும். இல்லாவிட்டால் பதினேழு அடி வண்டி கேளுங்கள். சமதளத் தட்டு உள்ள கார் கேரியர் கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. பின்பக்கம் சாய்ந்து இறங்கும், விஞ்ச் இருக்கும், கிரேன் வேண்டாம்.

டிராக்டர் டிப்பரில் ஏற்றுவதைக் கிராமப்புறத்தில் பார்க்கலாம். விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரை வாடகைச் சரக்குக்கு ஓட்டுவதே தவறு. ஒர்க்ஷாப்பில் வெல்டிங் அடித்துச் செய்த பதிவில்லாத டிராலிக்கும் இதே கதை. டிரெய்லருக்கும் பதிவு எண் வேண்டும்.

லாரியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றையும் டிரைவரிடம் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, அதற்கு மேல் வேண்டும்.

8. ஏற்றிக் கட்டும் முறை

ஏற்றும் இடம் சமமாக, ரோட்டை விட்டு உள்ளே இருக்க வேண்டும். முந்தைய நாளே காரைத் தெருவில் தள்ளி வைப்பது வேண்டாம். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த 127-வது பிரிவில் போலீசுக்கு அதிகாரம் உண்டு, செலவு உரிமையாளருக்கு. வழியை மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதமும் வரலாம்.

காரைத் தட்டில் ஏற்றியதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து ஆணி அடியுங்கள். ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம், கேபிள் எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாது. பிறகு நாலு மூலைக்கும் ராட்செட் பெல்ட், ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் சாய்ந்த கோணத்தில். சக்கரத்தின் மேல் பெல்ட் போடுவது பாடியில் போடுவதை விட உறுதி, காரணம் ஸ்பிரிங் அமுங்கி எழும்போது பாடியில் கட்டிய பெல்ட் தொய்ந்துவிடும். முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்தத் தூரத்துக்குள் கொஞ்சம் தளரும்.

கார் உள்ளே குவித்துப் போட்ட உதிரி பார்ட்ஸ்தான் பெரும்பாலும் வழியில் விழும். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக ஒரு பிரேக் டிரம் பின்னால் வரும் பைக்கின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, தரையோடு சேர்த்துக் கட்டுங்கள். மேலே வலையோ தார்ப்பாயோ போடுங்கள்.

பானட்டையும் டிக்கியையும் தனியாகக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். லாக் கழன்ற பானட் ஆனி, ஆடிக் காற்றில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது தூக்கிக்கொள்ளும். காற்றாலை நிற்கிற இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் பானட்டைக் கழற்றிப் படுக்கப் போட்டு அதன் மேல் காரை ஏற்றிவிடுவது இன்னும் நல்லது.

9. நேரமும் வழியும்

காலை பத்து மணிக்குப் பிறகு கிளம்பி, பள்ளி விடும் முன் போய்ச் சேருங்கள். தக்கலையும் மார்த்தாண்டமும் மாலையில் நகரவே நகராது. மையம் அடைத்துவிட்டால் ஏற்றிய வண்டியோடு இரவு எங்கே நிற்பது என்ற பாடு வேறு.

ஒர்க்ஷாப்புக்குக் கயிற்றில் இழுத்துப் போகிறவர்கள் மார்த்தாண்டம் மேம்பாலத்திலும் பார்வதிபுரம் மேம்பாலத்திலும் ஏறாதீர்கள். நடுவில் கயிறு அறுந்தால் ஒதுங்க இடம் இல்லை. கீழ்வழியில் போனால் நேரம் ஆகும், ஆனால் ஓரம் கட்டலாம். மழை நாளில் இழுக்கவே வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் தேதி குறிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. களியக்காவிளை தாண்டுவதாக இருந்தால்

பாறசாலைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறதென்றால் லாரிக்குக் கேரளத்தில் ஓட்ட உரிய பெர்மிட் வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். வெறும் பாடிக்கு அவ்வளவு வராது, ஆனால் மதிப்பைக் காட்ட ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

அங்கிருந்து கழிவு கொண்டுவந்து இங்கே கொட்டும் லாரிகளால் எல்லையில் சோதனை கெடுபிடியாகவே இருக்கிறது. கார் உள்ளே பழைய மெத்தை, சீட் ஸ்பாஞ்ச், தெர்மோகோல் என்று குப்பையை நிரப்பி அனுப்பாதீர்கள். இரும்பு ஏற்றிய வண்டியைக் குப்பை வண்டி என்று சந்தேகப்பட அதுவே போதும்.

11. டிரைவர் கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி. நகல் அல்லது டிஜிலாக்கரில் உள்ள பிரதி. உரிமையாளரின் அடையாள அட்டை நகல், அவர் வராவிட்டால் அதிகாரக் கடிதம். இன்ன எண் வண்டியை, இன்ன சேஸிஸ் நம்பர், இன்ன இடத்திலிருந்து இன்ன மையத்துக்கு அழிப்பதற்காக அனுப்புகிறேன் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள். மையம் அனுப்பிய ஒப்புதல் செய்தி. இன்ஜின் விற்ற ரசீது நகல்.

ஒரிஜினல் ஆர்.சி.யை டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒப்படைக்கும் இடத்துக்கு நீங்கள் நேரில் கொண்டுபோங்கள்.

நிறுத்தினால் டிரைவர் பேசட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். "ஸ்கிராப் சார், பேப்பர் இருக்கு" என்று தாளை நீட்டினால் பெரும்பாலும் சேஸிஸ் நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டு விடுவார்கள். அதனால் அந்த நம்பர் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற மாதிரி வண்டியை ஏற்றியிருக்க வேண்டும். முன்பக்கத்தை லாரி கேபினோடு ஒட்டி நிறுத்திவிட்டால் பானட்டைத் திறக்க முடியாது. ஒரு அடி இடம் விடுங்கள், அல்லது பின்பக்கம் முதலில் போகும்படி ஏற்றுங்கள்.

12. இறக்கிய பிறகு

வைப்புச் சான்று கையில் வராமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். அதில் பேர், வண்டி எண், சேஸிஸ் நம்பர் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் வரிச் சலுகைக்குப் போகும்போது தட்டும்.

வண்டி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் 14 நாளுக்குள், அல்லது முடிந்த விரைவில், உங்கள் பகுதி ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. மையம் தன் பங்குக்கு வாகன் தரவுதளத்தில் ஏற்றும். அது போதும் என்று விட்டுவிடாமல், நீங்களும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். பிறகு சில நாள் கழித்து எம்-பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு ரத்து என்று வந்துவிட்டதா என்று பாருங்கள். வராவிட்டால் நகலோடு நேரில் போங்கள்.

இன்சூரன்ஸில் மாதங்கள் மிச்சம் இருந்தால் ரத்துச் சான்றைக் காட்டி மீதிப் பிரீமியத்தைக் கேட்கலாம். பாலிசியில் கிளெய்ம் எதுவும் எடுத்திருக்கக் கூடாது. நோ கிளெய்ம் போனஸ் இருந்தால் அதற்கான கடிதத்தையும் அதே நாளில் கேட்டு வாங்குங்கள், அடுத்த காருக்கு ஆகும்.